மூன்று நாள் ப்ரீஆம்ப்

நான் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தேன். நன்னிலத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். அங்கே வயல்களின் நடுவே எரிவாயுக் குழாய் பதிக்க வந்தார்கள். பால் பிடித்து நின்ற பயிரில் இயந்திரத்தை இறக்கினார்கள். நான் வரப்பில் நின்று கத்தினேன். ஊரே கத்தியது, ஆனால் மைக் என் கையில் இருந்தது. அதனால் வழக்கில் என் பெயர் முதல் பெயராக ஏறியது.

பள்ளித் தாளாளர் கூப்பிட்டார்.

"உங்க மேல கேஸ் இருக்காமே டீச்சர்?"

"இருக்கு சார். திரும்ப மெஷினை இறக்குனா இன்னொண்ணும் வரும்."

அதோடு வேலை போயிற்று. வேறு பள்ளிகளில் கேட்டேன். எல்லோரும் காவல்துறைச் சான்றிதழ் கேட்டார்கள். இரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் உட்காருவது எனக்கு ஆகாது. பாத்திரங்களுக்கும் ஆகாது.

அப்போதுதான் என்னிடம் படித்த ஒருத்தி ஒரு தகவல் அனுப்பினாள். சென்னையில் ஒரு கம்பெனி நாவல்களை வாசித்துப் பதிவு செய்து, காதால் கேட்கிற புத்தகமாக விற்கிறது. வாசிக்க ஆள் தேடுகிறார்கள். வீட்டிலிருந்தே பதிவு செய்து அனுப்பலாம். என்ன படித்தாய், என்ன வழக்கு என்று கேட்பதில்லை. குரல் மட்டும் போதும். முதலில் ஐந்து நிமிஷம் வாசித்து மாதிரி அனுப்ப வேண்டும்.

எனக்கு அந்த வேலை வேண்டும். இவ்வளவு ஆசையாக நான் எதையும் கேட்டதில்லை.

என் கணவர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். சுற்றுவட்டாரத்துப் பம்புசெட்டுகள் எரிந்துபோனால் அவரிடம்தான் வரும். என் ஆசையைவிட அவர் ஆசை பெரிதாகிவிட்டது. என் தம்பி பிளஸ் டூவில் வாங்கிய இலவச மடிக்கணினி வந்தது. கல்யாணங்களுக்கு மைக்செட் கட்டுகிற ஒருவர் பழைய மைக் ஒன்றைக் கொடுத்தார். மைக்கையும் மடிக்கணினியையும் சேர்க்க நடுவில் ஒரு சின்னப் பெட்டி வேண்டும். அதை யாரிடமோ பழசாக வாங்கினார். அரசாங்கம் கொடுத்த மேசை மின்விசிறி ஓடாமல் கிடந்தது. அதன் தலையைக் கழற்றிவிட்டு, காலில் மைக்கைக் கட்டினார். ஸ்டூடியோ தயார்.

ஸ்டூடியோ என்றால் எங்கள் தொகுப்பு வீட்டுக் கூடம். அந்த வருஷம் அறுவடையில் மழை பிடித்துக்கொண்டது. நெல் ஈரமாக இருக்கிறது என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிட்டார்கள். தார்ச்சாலையில் காயவைத்து, மூட்டை கட்டி, கூடத்தில் இரண்டு சுவர் ஓரமும் கூரைக்குப் பாதி உயரம் அடுக்கியிருந்தோம். மீதி இடத்தில் நின்று வாசித்தேன். போராட்டத்தில் பழகியது அப்படியே வந்தது. மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று, நெஞ்சை நிமிர்த்தி வாசித்தேன். கிட்டே போனால் குழாய் ஒலிபெருக்கி வீறிடும் என்று மைக்செட்காரர்கள் விரட்டி விரட்டி எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் அந்த ஒரு முழம் உடம்பில் ஊறிவிட்டது.

சனிக்கிழமை சென்னையிலிருந்து ஒரு பெண் பேசினாள். சின்ன வயதுக் குரல்.

"மேடம், உங்க வாய்ஸ் ரொம்ப நல்லா இருக்கு. ரூமும் நல்லா இருக்கு. ஆனா பின்னாடி உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வந்துட்டே இருக்கு. அது இருந்தா எடுக்க மாட்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள இன்னொரு தடவை அனுப்புங்க. அதுக்கப்புறம் லிஸ்ட்டை மூடிடுவோம்."

'ஆனா'வுக்கு முன்னால் சொல்வதை நான் எப்போதும் காதில் வாங்குவதில்லை. உஸ்ஸு மட்டும் மண்டையில் ஏறிக்கொண்டது. கணவரிடம் பாய்ந்தேன்.

"என்னங்க பெட்டி வாங்கியாந்தீங்க? பாம்பு புடிச்சு உள்ள போட்டிருக்கானா?"

"பெட்டி நல்ல பெட்டி. மைக்குதான் வீக்கு. குமிழைக் கடைசி வரைக்கும் திருகினாத்தான் உன் சத்தமே ஏறுது. அப்படித் திருகினா உஸ்ஸும் சேந்து ஏறுது. தண்ணி கீழ போயிட்டா பம்பு என்ன பண்ணும்? காத்தை இழுக்கும்ல? அதே கேசுதான்."

"அதுக்கு என்ன பண்ணணும்?"

"ப்ரீஆம்ப் போடணும். மைக்குக்கும் பெட்டிக்கும் நடுவுல. மைக்குல வர்ற சின்னச் சத்தத்தை மொதல்ல அது சுத்தமாத் தூக்கிக் குடுத்துடும். பெட்டிக்குக் கஷ்டமே இல்ல."

"தண்ணி கீழ போனா மோட்டாரைக் கீழ இறக்குவாங்களா, நடுவுல இன்னொரு மோட்டாரு வாங்கி மாட்டுவாங்களா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

சும்மா இருந்தேன். அன்றைக்கு நான் சொன்னதுதான் சரி என்று எனக்கே தெரியாது. எரிச்சலில் சொன்னது.

ஞாயிறு முழுக்கக் கைப்பேசியில் ப்ரீஆம்ப் வீடியோ பார்த்தார். ஒருவன் கட்டாயம் வேண்டும் என்றான். இன்னொருவன் வேண்டவே வேண்டாம், பெட்டிக்குள்ளேயே ஒன்று இருக்கிறது என்றான். மூன்றாமவன் முக்கால் மணி நேரம் பேசி, அது அவரவர் விருப்பம் என்றான். அவனை நேரில் பார்த்தால் அறைந்திருப்பேன். நாலு மூட்டை நெல்லின் விலை அந்தப் பெட்டி. விருப்பம் என்று சொல்ல இவனுக்கென்ன?

திங்கட்கிழமை நல்ல காலம் பிறந்தது. கொள்முதல் நிலையம் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம். நெல் காய்ந்துவிட்டது, கொண்டுவாருங்கள் என்றார்கள். சாயங்காலத்துக்குள் எங்கள் மூட்டை அத்தனையும் எடைபோட்டு எடுத்துக்கொண்டார்கள். கூடம் காலி. பெருக்கிக் கழுவிவிட்டேன். எலிப் புழுக்கை இல்லாத தரையைப் பார்த்தே ஒரு மாதம் ஆகியிருந்தது. கணவர் செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் போனார்.

மதியம் ஒரு டப்பாவோடு திரும்பினார். பிள்ளையைத் தூக்கி வருவது போல் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"வாங்கிட்டீங்களா?"

"இல்ல. மூணு நாளைக்கு எடுத்துட்டுப் போயி போட்டுப் பாருன்னு கடைக்காரரு குடுத்தாரு. அவரு கடையில நான் நெறைய ஒயரு வாங்கியிருக்கேன்ல. புடிச்சா காசு, புடிக்கலைன்னா வெள்ளிக்கிழமை திருப்பிக் குடுத்துடணும். டப்பா மட்டும் கிழியக் கூடாது."

டப்பாவைப் பிரிக்கவே அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. சின்ன இரும்புப் பெட்டி. ஒரே ஒரு குமிழ். மாட்டினோம். வாசித்தேன். அவர் ஹெட்ஃபோனைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார்.

"உஸ்ஸு போச்சு!" என்றார். முகம் எல்லாம் சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு குறைந்தது. ஹெட்ஃபோனை என்னிடம் நீட்டினார்.

உஸ்ஸு போய்விட்டதுதான். ஆனால் நான் கோயில் மண்டபத்தில் நின்று பேசினேன். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் அதே சொல் இன்னொரு தடவை மெலிதாக வந்தது. கிணற்றுக்குள் விழுந்தவள் உதவிக்குக் கூப்பிடுவது போல இருந்தது.

"இதுக்கா தஞ்சாவூரு போனீங்க?"

"இது செட்டிங்கு. சரி பண்ணிடலாம்."

சரியாகவில்லை. குமிழைக் குறைத்தார், கூட்டினார். ஒயரை மாற்றினார். மைக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். புதுப் பெட்டி என் குரலோடு எதிரொலியையும் சேர்த்துச் சுத்தமாகத் தூக்கிக் கொடுத்தது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கே மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. மாசியில் வருகிற மழை எங்களுக்கு மழை இல்லை, கொள்ளைக்காரன். நிலையத்துக் களத்தில் ஊர்ப்பட்ட நெல் மூட்டை வரிசையில் கிடந்தது. தார்ப்பாய் பத்தவில்லை. முதல் ஆளாக எங்கள் வாசலில் வந்து நின்றவர் பெரிய வீட்டுக்காரர்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அம்மா நாற்று நட்டதெல்லாம் அந்தப் பெரிய வீட்டு வயலில். அவர்கள் நிலத்தில் ஐந்து மாவை, ஏறக்குறைய ஒன்றரை ஏக்கரை, எங்கள் குடும்பம் நாற்பது வருஷமாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறது. எங்கள் பெயரில் குத்தகையைப் பதிவு செய்யக் கூடாது என்று அவர் வழக்குப் போட்டிருக்கிறார், நாங்கள் எதிர்வழக்கு. குழாய் அவர் வயலிலும் போயிற்று. போராட்டத்துக்கு அவர் வரவில்லை. என் அம்மா அவரைச் 'சின்னய்யா' என்பாள். எனக்கு அது வாயில் வராது. 'சார்' என்பேன். அவரும் என்னை 'டீச்சர்' என்பார், வேலை போன பிறகும்.

"டீச்சர், எங்க டிராக்டரு ஆத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டு நிக்குது. வர்றதுக்குள்ள நனைஞ்சிடும். ஒங்க கூடம் காலியாத்தானே இருக்கு?"

"காலியாத்தான் இருக்கு. கோர்ட்டுல என் வீட்டையும் சேத்து எழுதிக்க மாட்டீங்களே?"

"வீடு அரசாங்கம் கட்டிக் குடுத்தது. அதுல நான் எப்படி வர முடியும்?"

"முடியும்னா வந்துருப்பீங்க."

"இப்ப வரலாமா, வேண்டாமா? தூத்தல் போடுது."

"செருப்பை வெளிய விட்டுட்டு வாங்க. நேத்துதான் கழுவுனேன்."

சுமை தூக்குகிறவர்கள் ஓடி ஓடிக் கொண்டுவந்து அடுக்கினார்கள். அவர் மூட்டை முடிந்ததும் பக்கத்து வரிசைக்காரர்களும் கேட்டார்கள். ஒருவருக்கு இடம் கொடுத்து மற்றவருக்கு இல்லை என்று சொல்ல முடியுமா? அதுவும் வழக்குப் போட்டவனுக்குக் கொடுத்துவிட்டு? நாலு சுவரும் மூட்டையாயிற்று. சன்னல் மறைந்தது. நடுவில் ஒரு பாய் விரிக்கிற இடம் மிஞ்சியது. அதில் மைக்கும் அந்தப் புதுப் பெட்டியும் மாட்டிக்கொண்டன.

ஒருவன் ஈரக் காலோடு பெட்டியைத் தாண்டினான். எனக்குச் சுருக்கென்று ஏறியது.

"டேய்! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? அது கடைக்காரன் பொருள்டா!"

முழுத் தொண்டையில் கத்தினேன். சத்தம் வாயை விட்டு வெளியே போய் மூட்டையில் விழுந்து செத்துப்போனது. என் கத்தல் என்னிடம் திரும்பி வரவில்லை. சாதாரணமாக நான் கத்தினால் அந்தக் கூடம் எனக்குப் பதில் சொல்லும். இன்னொரு தடவை கத்திப் பார்த்தேன்.

"டேய்!"

"அதான் தாண்டிட்டேனேக்கா, விடுங்க!" என்றான் அவன்.

"ஒன்னைச் சொல்லல. போ."

கணவரைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தபடி கூரையைப் பார்த்தார், பிறகு மூட்டைகளைப் பார்த்தார். மெதுவாகக் கை தட்டினார். சத் சத் என்று கேட்டது, அவ்வளவுதான்.

"நெல்லு," என்றார்.

"நெல்லேதான். மொத தடவை மூட்டை இருந்துச்சு. ரூம் நல்லா இருக்குன்னு அந்தப் பொண்ணு சொன்னா. நாம அதைத் தூக்கி வித்துட்டு, கூடத்தைக் கழுவிவிட்டு, பெட்டி வாங்கப் போயிருக்கோம்."

இரண்டு பேரும் மூட்டைமேல் சாய்ந்துகொண்டு சிரித்தோம். வெளியே கொட்டுகிற மழையில் பெரிய வீட்டுக்காரர் குடையோடு நின்று, இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார்.

வியாழக்கிழமை வாசித்தேன். ஒரு முழம் தள்ளி நிற்க இப்போது இடம் இல்லை. நிற்கவே இடம் இல்லை. முதுகு ஒரு மூட்டையில், முழங்கால் ஒரு மூட்டையில். மைக் வாய்க்கு நாலு விரல் தூரத்தில் முகத்துக்கு நேராக நின்றது. முத்தம் கொடுப்பது போல இருக்கிறது என்றார் கணவர். வாயை மூடுங்கள் என்றேன். பழக்கதோஷத்தில் கத்தி வாசித்ததும் மடிக்கணினியில் சத்த அளவைக் காட்டுகிற பட்டை சிவப்பாகிவிட்டது. குரலைத் தணித்தேன். எதிரில் ஒரே ஒரு ஆளுக்குக் கதை சொல்வது போலச் சொன்னேன். அப்படி ஒரு குரல் என்னிடம் இருப்பது எனக்குத் தெரியாது. எனக்கு அது பிடித்துப்போயிற்று.

அப்புறம் ப்ரீஆம்ப் பெட்டியைக் கழற்றச் சொன்னேன்.

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கட்டும். அது இல்லாம ஒரு தடவை வாசிக்கிறேன். ரெண்டையும் கேட்டுப் பாப்போம்."

மைக்கை நேரே பழைய பெட்டியில் மாட்டினார். வாய் கிட்டே இருந்ததால் குமிழைப் பாதிகூடத் திருக வேண்டியிருக்கவில்லை. அதே பக்கத்தை மறுபடி வாசித்தேன்.

அந்த நேரம் பெரிய வீட்டுக்காரர் தன் மூட்டையை எலி கடித்திருக்கிறதா என்று பார்க்க வந்தார். காலையிலிருந்து அது மூன்றாவது தடவை.

"எலி ஒண்ணும் ஒங்க நெல்லைத் தேடிப்புடிச்சுத் திங்காது சார். வாங்க, இதைக் கேளுங்க," என்று ஹெட்ஃபோனை நீட்டினேன். அவர் வீட்டில் ஒரு காலத்தில் பெரிய பாட்டுப் பெட்டி இருந்தது. நல்ல காது என்று அவருக்கே ஒரு நினைப்பு உண்டு. எது எதில் பதிவானது என்று சொல்லாமல் இரண்டையும் போட்டேன். கணவரையும் மூட்டையைப் பார்த்துத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, அடுத்து அவருக்கும் போட்டேன்.

பெரிய வீட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டார். "ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர். ரெண்டுலயும் நீங்க கோவம் இல்லாம பேசுறீங்க. அதுதான் ஆச்சரியம்."

கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒண்ணா? என்ன சார் சொல்றீங்க! ரெண்டாவதுதான் ப்ரீஆம்ப். சத்தம் வெண்ணெய் மாதிரி வழுக்குதே! மொதலாவது வறவறன்னு இருக்கு. இதுகூடவா தெரியல?"

"முதலாவதுதான் ப்ரீஆம்ப்," என்றேன்.

மூட்டையைப் பார்த்தபடியே இருந்தார். கழுத்தின் பின்பக்கம் மட்டும் சிவந்தது.

"டப்பா கிழியலதானே?" என்று கேட்டேன்.

"கிழியல."

வெள்ளிக்கிழமை காலை அவர் அந்த டப்பாவை ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் தஞ்சாவூருக்குத் திருப்பிக் கொண்டுபோனார். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மெல்லிய குரல் உள்ளவர்கள், தூரத்திலிருந்து பாட்டுக் கச்சேரி பதிவு செய்கிறவர்கள், இவர்களுக்கெல்லாம் அந்தப் பெட்டி தேவைப்படலாம். எனக்குத் தெரியாது. ஊருக்கே கேட்கிற தொண்டையை வைத்துக்கொண்டு, மைக்குக்கு நாலு விரல் கிட்டே உட்காருகிறவளுக்கு அது தேவையில்லை. பழைய பெட்டியில் பதிவானதையே சென்னைக்கு அனுப்பினேன்.

சாயங்காலமே அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"மேடம், செலக்ட் ஆயிட்டீங்க! ஒரே வாரத்துல எப்படி இவ்வளவு மாத்தினீங்க? ப்ரீஆம்ப் ஏதாவது வாங்கினீங்களா?"

"இல்லம்மா. நெல்லு வாங்கி வச்சேன். என்னுது இல்ல, ஊராருது."

அவள் முந்நூறு பக்க நாவல் ஒன்று அனுப்புவதாகவும், ஒரு மாதத்தில் முடிக்க வேண்டும் என்றும் சொன்னாள். போனை வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்து, யாரும் கேட்காமலே மூன்று பேரிடம் சொன்னேன்.

ஒரு மாதம் என்றதும்தான் உறைத்தது. வெயில் வந்துவிட்டது. மூட்டைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து எடுத்தார்கள். நான் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாதவள். பெரிய வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"சார், உங்க மூட்டையை மட்டும் ஒரு மாசம் இங்கயே விட்டு வைங்களேன். வாடகை வேண்டாம். எலிக்கு நான் பொறுப்பு."

"நெல்லை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது டீச்சர்? நிலையத்தை மூடிட்டா எங்க கொண்டுபோயிக் கொட்டுறது? அடுத்த வருஷ மழைக்குப் பாப்போம்."

அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால் திட்டவும் முடியவில்லை. அடுத்த வாரம் கடைசி மூட்டை போனபோது கூடம் மறுபடி மண்டபமாயிற்று. நாவலின் கட்டு மேசைமேல் இருந்தது. முதல் அத்தியாயம் திங்கட்கிழமை போக வேண்டும். ஒருநாள் முழுக்கக் காலிக் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

மறுநாள் கணவர் காலையில் ஒரு அரிசி மில்லுக்கு மோட்டார் மாட்டப் போனார். மதியம் ஒரு குட்டியானை வண்டி எங்கள் வாசலில் நின்றது. முழுக்க மூட்டை. வண்டியிலிருந்து தலையெல்லாம் தூசியாக இறங்கினார்.

"உமி," என்றார். "மில்லுல மலையாக் கெடக்குது. மோட்டாரு மாட்டுன கூலி வேண்டாம், இதைக் குடுங்கன்னு கேட்டேன். மில்லுக்காரரு எனக்குப் பைத்தியம்னே நெனச்சுட்டாரு. நெல்லுன்னா வித்துடுவோம். உமியை எவன் கேப்பான்? இது நம்மகிட்டயே கெடக்கும்."

அன்றைக்கு அந்த மனிதரைப் பிடித்த அளவுக்கு எனக்கு வேறு எவரையும் பிடித்ததில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. தலையைத் தட்டிவிட்டு உள்ளே வாருங்கள் என்றேன்.

நாங்களே இருவரும் அடுக்கினோம். நெல் மூட்டையில் பாதிக் கனம்கூட இல்லை. நாலு சுவரும் நிரம்பியது. கை தட்டிப் பார்த்தார். சத். உட்கார்ந்தேன். நாவலைப் பிரித்தேன். முதல் பத்தி முடிந்தது. இரண்டாவது பத்தியில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"என்ன?"

"நீ சொறியிறது கேக்குது."

"உமி அரிக்குதுங்க! கழுத்தெல்லாம் தீயா எரியுது!"

"பத்தியை முடிச்சிட்டுச் சொறி."

"நீங்க வந்து இங்க உக்காருங்க, தெரியும்."

"எனக்குத்தான் வாசிக்க வராதே," என்று சொல்லி ஹெட்ஃபோனை மறுபடி மாட்டிக்கொண்டார்.

பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். அந்த அத்தியாயத்தில் ஒரு கல்யாணம் நடக்கிறது, எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். புத்தகம் வெளிவந்தபோது நிறையப் பேர் கேட்டார்கள், நல்ல வார்த்தை எழுதினார்கள். கம்பெனி அடுத்த நாவலையும் எனக்கே அனுப்பியது. ஒருவர் மட்டும், மணப்பெண் ஏன் அவ்வளவு கோபமாகப் பேசுகிறாள் என்று எழுதிக் கேட்டிருந்தார்.